மாடவீதியில் ஒரு வேட்டை நாய்



மயிலாப்பூர் மாடவீதியில் சிப்பிப்பாறை நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவரை யாராவது ஒருவர் நிறுத்தாமல் விடுவதில்லை. "ஏம்ப்பா, நாய்க்குச் சோறே போடறதில்லையா?" விலா எலும்பை எண்ணிவிடலாம். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். கால்கள் மெலிந்து நீண்டிருக்கும். பார்ப்பவருக்குப் பரிதாபம், வளர்ப்பவருக்குச் சங்கடம். மறுவாரம் தட்டில் சாதம் கூடிவிடும். அந்த நாயின் உடல்நலக் கேடு பல வீடுகளில் அப்படித்தான் தொடங்குகிறது.

இது பட்டினி கிடந்த உடம்பு அல்ல, ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய இந்த இனம், தென்மாவட்டக் கரிசல் காடுகளில் முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய்கள் உண்டு. இது கண்ணை நம்பி ஓடுவது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றமாகிவிட்டது, அது நல்லதுதான். வேலை போய்விட்டாலும் வேகம் நாயின் உடம்பிலேயே தங்கிவிட்டது.

அந்த வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் கால்கள், ஒரு சுற்றில் ஒரு முறைதான் முழுவதும் தரையை விட்டு எழும்பும். கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை போன்ற நாய்களுக்கோ அது இரண்டு முறை நடக்கிறது. நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் குவியும்போது ஒருமுறை, முன்னும் பின்னுமாக முழுதாக நீளும்போது இன்னொரு முறை. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால்தான் அந்த இரண்டாவது தாவல் கைகூடுகிறது. ஆழமான மார்புக்கூட்டுக்குள் பெரிய இதயம். குறுகிய இடுப்பு. தோலுக்கடியில் கொழுப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. கண்ணும் இதற்கேற்றபடியே அமைந்திருக்கிறது. மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல நெருங்கி அமைந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் எடுத்துக்காட்டினார்கள். அகன்ற வெளியில் ஏதோ அசைந்தால் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ள அது உதவும்.

அதிகாலையில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கலாம். நீளமான கயிற்றின் முனையில், ஈர மணலில், செவலை நிற நாய் ஒன்று அரைவட்டமாகச் சுற்றிவரும். அதற்கு ஒருநாளும் மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்காது. சில நிமிடம் முழுமூச்சாக ஓடிவிட்டால் போதும், மூச்சு வாங்க நின்றுவிடும். பிறகு அரைமணி நேரம் நிதானமாக நடந்துவிட்டு வீடு திரும்பினால், பகல் முழுக்கச் சத்தமில்லாமல் சோபாவில் சுருண்டு கிடக்கும். இவ்வளவு துறுதுறுப்பான இனம் வீட்டுக்குள் இத்தனை அமைதியாக இருப்பதை முதல்முறை வளர்ப்பவர்கள் நம்புவதில்லை. அந்த ஓட்டம் தவறிய வாரத்தில்தான் செருப்பு கிழியும், கதவு பிராண்டப்படும்.

குணத்திலும் இது தனிப் போக்கு. வீட்டில் ஒருவரைத் தன் ஆளாக வரித்துக்கொள்ளும். அவர் பின்னாலேயே சுற்றும். புது ஆள் வந்தால் குரைத்து ஊரைக் கூட்டாது, தள்ளி நின்று கவனிக்கும். லாப்ரடாரைப் போலப் பந்தை எடுத்து வந்து கொடுத்து எல்லோரையும் மகிழ்விக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடித்தும் அதட்டியும் இதைப் பழக்க முடியாது, முரண்டு பிடிக்கும். பொறுமையாகச் சொல்லித்தந்தால் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

தி.நகரில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பூனையோ அணிலோ எதிரே ஓடிவிட்டால், கூப்பிடும் குரல் இந்த நாயின் காதில் ஏறாது. கழுத்துப்பட்டை தலையைவிடச் சற்றே தளர்வாக இருந்தாலும் குறுகிய தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உஸ்மான் சாலை போன்ற தெருவில் அதன் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டைதான் பாதுகாப்பு. திறந்த தெருவில் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

ஆயுள் எவ்வளவு? நல்ல பராமரிப்பில் பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகள், சில அதையும் தாண்டும். அதைக் குறைப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. குட்டிப் பருவத்தில் பார்வோ வைரஸ் நோய், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், கொசுக்கடியால் இதயப்புழு, எல்லாவற்றுக்கும் மேலாக உண்ணிக் காய்ச்சல். கடலோர நகரின் வெக்கையிலும் ஈரத்திலும் உண்ணிக்கு ஓய்வே கிடையாது.

உண்ணிக் காய்ச்சலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நோயில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆனால் கிரேஹவுண்ட் போன்ற ஓட்டநாய்களுக்கு நல்ல ஆரோக்கியத்திலேயே தட்டணு சற்றுக் குறைவாகவும் சிவப்பணு விகிதம் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். எனவே, நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. பின்னால் காய்ச்சல் வரும்போது மருத்துவர் எதோடு எதை ஒப்பிடுவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

மயக்க மருந்து விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். கொழுப்பு குறைந்த உடம்பு. கிரேஹவுண்டுகளின் கல்லீரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைக்கிறது. தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்தைக் கொடுத்தால் அவை தெளிந்து எழ வெகுநேரம் ஆகும். கருத்தடை அறுவைக்கு அழைத்துப் போகும்போது "இது சிப்பிப்பாறை, டாக்டர்" என்று வளர்ப்பவரே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சாப்பாடு? ஊரில் கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த இனம்தான். அடையாறு, மயிலாப்பூர் சைவ வீடுகளில் தயிர்சாதம் சாப்பிடுகிறது. தயிர்சாதம் மட்டும் போதாது, முட்டையாவது பனீராவது சேர வேண்டும். சாப்பிட்ட கையோடு ஓடவிடக் கூடாது. மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இன்னொன்று: சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் ஆசையாக ஊட்டாதீர்கள். அவற்றில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாழாக்கிவிடும்.

அரசும் நம் நாட்டு நாய் இனங்களை மறந்துவிடவில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய்த் தபால்தலைகளில் நம் ராஜபாளையம் இனமும் இடம்பெற்றது. தாராபுரத்தில் பிறந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராகவும் இருந்த சு. தியடோர் பாஸ்கரன், இந்திய நாய்களைப் பற்றி 2017இல் ஒரு நூலே எழுதினார். 2020இல் மத்திய அரசின் கால்நடை மரபுவள அமைப்பு சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அதற்குப் பிறகு நகரத்தில் குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. அந்தக் கிராக்கியே இப்போது கவலை தருகிறது. விற்பனைக்காக நெருங்கிய ரத்த உறவுக்குள் இணைசேர்த்தால் நூற்றாண்டுகளாக வந்த உறுதி சில தலைமுறைகளில் கரைந்துவிடும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தென்படுவதை வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

நேரம் முடியப் போகிறது. குட்டி வாங்க நினைக்கும் நேயர்கள், தாய் தந்தை நாய்களை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் தவறக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: அடுத்த பதிமூன்று, பதினான்கு ஆண்டுகள், அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி மழையிலும், காலை ஐந்து மணிக்கு எழுந்து இந்த நாயோடு வெளியே போகப்போவது யார்?