சில்லின் மேல் ஒரு துளி இரத்தம்



சுங்கை வே தொழிற்பேட்டையைத் தெரியாதவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. 1970-களில் மின்னியல் தொழிற்சாலைகள் அங்கே வந்தபோது, தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சிலிக்கான் சில்லுகளில் பொருத்தினார்கள். அதே சிலிக்கானை நோய் கண்டறியும் கருவியாக்கும் ஆய்வும் இப்போது நம் நாட்டில் நடக்கிறது. அதில் முன்வரிசையில் நிற்கும் ஒரு தமிழர், பெர்லிஸிலுள்ள மலேசியப் பெர்லிஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுபாஷ் சந்திர போஸ் கோபிநாத்.

அவருடைய துறை உயிர் உணரி. நோயின் அடையாளமான பொருளை ஒரு மூலக்கூறு பிடிக்க வேண்டும்; பிடித்த செய்தியைக் கருவி மின்சாரமாகவோ ஒளியாகவோ காட்ட வேண்டும். 1962-இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் முன்வைத்த இந்த வழியில் வந்ததுதான், இனிப்பு நீர் உள்ளவர்கள் விரலைக் குத்திப் பார்க்கும் மீட்டர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே உயிர் உணரி நம் வீட்டுக்குப் புதியதல்ல.

ஆனால் சர்க்கரையை அளப்பது எளிது. ஒரு லிட்டர் இரத்தத்தில் அது சுமார் 1 கிராம் இருக்கும். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் புரதமோ நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். அவ்வளவு சொற்பமானதைப் பிடிக்க எதை வைப்பது?

கோபிநாத் கையில் எடுத்தது ஆப்டமர். விலங்குகளின் உடலில் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் போல் அல்லாமல், ஆய்வுக்கூடத்தில் கோடானுகோடி மரபிழைத் துண்டுகளிலிருந்து சலித்தெடுப்பது இது. 1990-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்த முறையைக் கண்டன. ஜப்பானின் சுக்குபா நகர ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளர் குமாரின் குழுவோடு சேர்ந்து கோபிநாத் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, சளிக்காய்ச்சல் வைரஸின் ஒரு வகையைப் பிடிக்கும் ஆப்டமரைக் காட்டியது. வழக்கமான எதிர்ப்பொருளைவிட 15 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பற்றியது. நெருங்கிய உறவுள்ள வைரஸ்களையும் வேறுபடுத்தியது.

அதன்பின் வந்த பணியைத்தான் நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். இரத்தம் உறைவதற்குத் தேவையான ஒன்பதாம் காரணி என்ற புரதம், இரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 5 மைக்ரோகிராம். அதே மில்லிலிட்டரில் ஆல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம், அதாவது எண்ணாயிரம் மடங்கு. இந்தக் கூட்டம் உணரியின் மேற்பரப்பில் கண்ட இடமெல்லாம் ஒட்டினால், இல்லாத நோயை இருப்பதாகக் கருவி சொல்லும். தங்கவேல் லட்சுமிப்பிரியாவும் கோபிநாத்தும் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, எதைப் பூசினால் வேண்டாதவை ஒட்டாது என்று தேடினார்கள். புதியதைக் கண்டதாகப் பெருமை பேச முடியாத வேலை. ஆனால் நோயாளிக்கு இதைவிட முக்கியமானது எது? பொய்யான முடிவு ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும்.

பெர்லிஸில் நுண்மின்னியல் துறையினரோடு சேர்ந்தபின் அவர் சிலிக்கான் பக்கம் வந்தார். சீப்பின் பற்களைக் கோத்து வைத்தாற்போன்ற மின்முனைகள், அவற்றின் மேல் ஆப்டமர் அல்லது எதிர்ப்பொருள். இலக்கு ஒட்டினால் மின்னோட்டம் மாறும்.

நமக்கு இது எங்கே உதவும்? நாட்டில் டிங்கி அதிகம் தாக்குவது சிலாங்கூரைத்தான். காய்ச்சலின் முதல் நாட்களில் டிங்கி வைரஸின் என்எஸ்1 புரதம் இரத்தத்தில் இருக்கும். உடலின் எதிர்ப்பொருள் தெரிய ஐந்தாம் நாள் வாக்கில் ஆகும். என்எஸ்1 பரிசோதனைப் பட்டை கிளினிக்குகளில் இப்போதே கிடைக்கிறது. அதைவிடக் கூர்மையான உணரி வேண்டுமென்றால், ஆய்வுக்கூடத்துத் தெளிந்த கரைசலில் நன்றாக வேலை செய்தால் போதாது. எலிச்சிறுநீர்க் காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல் என்று பலவகை நோயாளிகளின் இரத்தத்திலும் அது தவறாமல் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் பணமும் மருத்துவமனைகளின் ஒத்துழைப்பும் தேவை. சில்லைக் கையாளத் தெரிந்த தொழிற்சாலைகள் சுங்கை வேயிலேயே இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் அவற்றின் கதவைத் தட்ட வேண்டும்.