திணறும் மூச்சும் பூட்டிய அலமாரியும்
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உயிர்களுக்குச் செய்யத்தக்க கொடைகள் நான்கு என்று சமணச் சான்றோர் வகுத்துள்ளனர். ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்கு அறிவும் அளித்தல் இவற்றின் பொருள். இவற்றுள் நூல் ஒருநாள் பிந்திக் கிடைத்தாலும் கேடில்லை. உணவு ஒருவேளை தாழ்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து எல்லா வேளையும் அவ்வாறு காத்திராது. சில பிணிகளுக்கு உரிய நிமிடத்தில் மருந்து கைக்கு வந்தாகவேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றும் ஆஸ்துமா அத்தகையது. அதற்குரிய அவசர மருந்தைப் பள்ளியில் எங்கே வைப்பது, யார் கொடுப்பது என்னும் வினாக்களுக்குக் கனடாவும் பிரிட்டனும் சட்டத்தின் வழியே விடை கண்டன. அவ்வரலாறே இவ்வுரையின் பொருள்.

இழுப்பு, இரைப்பு, ஈளை என்றெல்லாம் முன்னோர் வழங்கிய துன்பங்களோடு நெருங்கிய நோய் இது. நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழல்கள் மரக்கிளைகள்போல் பிரிந்து பிரிந்து நுண்ணியவாகின்றன. ஆஸ்துமா உடையவர்க்கு இக்குழல்களின் உட்சுவர் அழற்சியுற்று, எளிதில் சீற்றங்கொள்ளும் நிலையில் இருக்கும். தூசு, புகை, குளிர்காற்று, மகரந்தம், கடும் ஓட்டம், சளிக்காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தூண்டியவுடன் குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது; உட்சுவர் வீங்குகிறது; கெட்டியான சளி வழியை அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற இயலாமல் தங்கிவிடுகிறது. சீழ்க்கைபோல் எழும் ஒலி, அக்குறுகிய வழியில் காற்று போராடும் ஒலியாகும். திணறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அவ்வொலி திடீரென அடங்கினால் நோய் தணிந்தது என்று எண்ணிவிடலாகாது. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்பது அதன் பொருளாகலாம். அது பேராபத்தின் அறிகுறி.

பள்ளிக்கும் இந்நோய்க்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கும் பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில், அதன்பின் சில வாரங்களுக்குள் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்கிறது. வகுப்பறையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் சளிக் கிருமிகள் இதற்குப் பெருங்காரணம். எனவே, இந்நோய் பள்ளிக்கு வெளியே நிகழும் ஒன்று என்று பள்ளிகள் ஒதுங்கியிருக்க இயலாது.

இதன் அவசர மருந்தாகிய இன்ஹேலர் பிறந்ததற்கே ஒரு மாணவப் பருவச் சிறுமியின் வினா காரணம் என்பர். அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். ஆஸ்துமாவால் வருந்திய அவருடைய 13 வயது மகள், ரப்பர்க் குமிழை அமுக்கி மருந்தை உள்ளிழுக்கும் கண்ணாடிக் கருவியைப் பயன்படுத்தி வந்தாள். அது எளிதில் உடைவது. பள்ளிக்கு எடுத்துச்செல்லத் தொல்லையானது. கூந்தலுக்குத் தெளிக்கும் திரவம் குப்பியிலிருந்து பீச்சியடிப்பதுபோல் தன் மருந்தும் ஏன் வரலாகாது என்று 1955இல் அவள் தந்தையை வினவினாள். மறு ஆண்டு, அளந்த மருந்தைப் பீச்சும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. பின்னர், இங்கிலாந்தின் வேர் நகரில் இருந்த ஆலன் அண்ட் ஹான்பரீஸ் ஆய்வகத்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு உருவாக்கிய சால்புட்டமால் 1969இல் வெண்டோலின் என்னும் பெயரில் வெளிவந்தது. அமெரிக்கர் அதனையே அல்புட்டரால் என்பர். தமிழகத்து வீடுகள் பலவற்றில் அஸ்தாலின் என்னும் பெயரால் அது அறிமுகமானது. உள்ளிழுத்த சில நிமிடங்களில் இறுகிய தசையைத் தளர்த்திக் காற்றுக்கு வழிவிடுவது அதன் தொழில்.

இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் இடையே ஒரு கசப்பான பாடமும் உண்டு. 1960களில் ஐசோப்ரினலின் என்னும் மருந்தை மிகுந்த செறிவில் அளிக்கும் இன்ஹேலர்கள் பிரிட்டனில் பரவியபோது ஆஸ்துமா மரணங்கள் பெருகின. 10 முதல் 14 வயதினரிடையே அப்பெருக்கம் பன்மடங்காக இருந்தது. மருந்தை அளவுகடந்து பயன்படுத்தியதும், அதை நம்பி மருத்துவரை நாடத் தாமதித்ததும் காரணங்களாகக் கருதப்பட்டன. எச்சரிக்கைகள் வெளிவந்து பயன்பாடு குறைந்தபின் மரணங்களும் குறைந்தன. பிள்ளைகளின் கையில் மருந்தைத் தரப் பெரியவர்கள் தயங்குவது முற்றிலும் காரணமற்ற அச்சமன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அந்த அச்சத்தோடு ஒழுங்கும் பொறுப்பும் சேர, எல்லா மருந்துகளையும் வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவைப்பது பல பள்ளிகளின் வழக்கமாயிற்று. மற்ற மருந்துகளுக்கு இது நல்ல வழக்கமே. மூச்சு நின்றுவிடக்கூடிய நோய்க்கு இதுவே கேடாக முடிந்தது.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2012 அக்டோபரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் கடும் ஆஸ்துமாத் தாக்குதலுக்கு ஆளாகி உயிரிழந்தான். அவனுக்கு உரிய மருந்து பள்ளியில் இல்லாமலில்லை, அலுவலகத்தில் பூட்டப்பட்டிருந்தது. மகனை இழந்த தாய், இந்நிலை இன்னொரு வீட்டுக்கு நேரலாகாது என்று சட்டமன்றத்தை நாடினார். அதன் விளைவாக 2015இல் அவன் பெயராலேயே ரயான் சட்டம் நிறைவேறியது. பெற்றோர் இசைவு தந்த மாணவன் தன் ஆஸ்துமா மருந்தைத் தானே வைத்துக்கொள்ளப் பள்ளித் தலைவர் அனுமதித்தாகவேண்டும். 16 வயது நிரம்பியவர்க்கு அவ்விசைவும் வேண்டியதில்லை. பள்ளிப் பணியாளர் முறையாகப் பயிற்சி பெறவேண்டும். மாணவனுக்கு ஆஸ்துமா முற்றுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிடினும் பணியாளர் மருந்து கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்தவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடராதவாறும் சட்டம் காவல் அளிக்கிறது. கொடுக்கத் துணியாத கைகளுக்கு இந்தக் காவல் எத்தனை இன்றியமையாதது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

பிரிட்டனின் சிக்கல் வேறு வகையானது. அங்கே மாணவர்கள் இன்ஹேலரைக் கொண்டுவர இயன்றது. ஆனால், வீட்டில் மறந்துவிட்டால், தொலைந்துவிட்டால், குப்பி தீர்ந்துபோயிருந்தால் என் செய்வது? மருத்துவர் ஒருவருக்கென எழுதித்தரும் மருந்து ஆதலால், எவர் பெயருக்கும் எழுதப்படாத பொது இன்ஹேலரைப் பள்ளி வாங்கி வைத்திருக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 2014 மே மாதத்தில் அந்நாட்டு அரச மருத்துவர் கல்லூரி ஆஸ்துமா மரணங்களைப் பற்றிய தேசிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஆராயப்பட்ட 195 மரணங்களில் 28 பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். இறந்தோருள் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலோ, அவசர உதவி கிட்டுமுன்னரோ உயிர்நீத்தனர். நோயின் கடுமையைக் கணிக்க இயன்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மிதமான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்கு மருத்துவம் பெற்றுவந்தவர்களே. "இவனுக்கு எப்போதோ வரும் இலேசான இழுப்புத்தான்" என்று அசட்டையாக இருப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் பிரிட்டனின் சட்டம் மாறியது. தொடக்கப்பள்ளிகளும் மேல்நிலைப்பள்ளிகளும் மருத்துவர் சீட்டின்றியே சால்புட்டமால் இன்ஹேலரை வாங்கி அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதத்தில் பள்ளியின் பெயர், நோக்கம், அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். இது கட்டாயம் அன்று; அனுமதியே. யாருக்கு வேண்டுமாயினும் கொடுத்துவிடவும் இயலாது. இத்தகைய இன்ஹேலர் மருத்துவரால் எழுதித்தரப்பட்ட, பெற்றோரின் எழுத்து இசைவு பெற்ற மாணவர்க்கே அது உரியது. அவர்தம் பெயர்ப்பட்டியல் மருந்துப் பெட்டியோடு இருக்கவேண்டும்.

சட்டத்தோடு வெளிவந்த அரசு வழிகாட்டி, நல்ல இல்லத்தரசி அடுக்களையைப் பேணுவதுபோல் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்கிறது. பெட்டியில் இன்ஹேலரோடு குறைந்தது 2 பிளாஸ்டிக் ஸ்பேசர்கள் வேண்டும். மருந்தை நேரே வாயில் பீச்சினால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஸ்பேசர் என்னும் கூடு அதனைத் தாங்கி நிற்க, பிள்ளை தன் இயல்பான மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை பயன்படுத்திய ஸ்பேசரை மற்றொரு பிள்ளைக்குத் தரலாகாது. மாதம் ஒருமுறை குப்பியில் மருந்து இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்க்கவேண்டும். பொறுப்பாளர் குறைந்தது இருவராவது இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைப் பூட்டிவைக்கலாகாது. பணியாளர் அனைவருக்கும் அது இருக்குமிடம் தெரிந்திருக்கவேண்டும்.

அறிகுறிகளையும் அவ்வழிகாட்டி விளக்குகிறது. ஓய்விலும் நில்லாத இருமல், மூச்சொலி, மூக்குத்துளைகள் விரிதல், ஒரு வாக்கியத்தை முடிக்கவியலாத திணறல் ஆகியன யாவரும் அறிந்தவை. சில பிள்ளைகள் பேச்சடங்கிப் போவர். நெஞ்சு இறுகுவதைச் சொல்லத் தெரியாத சிறு பிள்ளை, வயிறு வலிக்கிறது என்று கூறுவதும் உண்டு. அத்தகைய பிள்ளையை நிமிர்த்தி, சற்றே முன்சாய்த்து உட்காரவைக்கவேண்டும். மருந்து எடுத்துவரப் பிள்ளையை அனுப்பலாகாது. தனியே விடவும் ஆகாது. ஒருவர் அருகிருக்க, மற்றொருவர் மருந்தை அங்கே கொண்டுவரவேண்டும். ஸ்பேசர் வழியாக முதலில் 2 முறை. தணியாவிடில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை 2 அழுத்தங்களாக, மொத்தம் 10 அழுத்தங்கள் வரை அளிக்கலாம். அதற்குள் தணியாவிட்டாலோ, எந்நேரமும் கவலை தோன்றினாலோ ஆம்புலன்சை அழைக்கவேண்டும். பிள்ளை சோர்ந்து துவண்டாலும், உதடுகள் நீலம் பாய்ந்தாலும், மயங்கி வீழ்ந்தாலும் அழைப்பில் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

தவறிப்போய்த் தேவையில்லாத வேளையில் கொடுத்துவிட்டால் என் ஆகும் என்று அஞ்சுவோர் உண்டு. உள்ளிழுக்கும் அளவில் சால்புட்டமால் பெரிதும் தீங்கற்றது. கை சற்றே நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், அவை விரைவில் அடங்கும். கொடுக்காமையால் விளையும் கேடு அவ்வாறு அடங்குவதன்று.

ஆயினும் இம்மருந்தே நோய்க்குத் தீர்வாகிவிடாது. தசையை அது தளர்த்துமேயன்றி உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. அழற்சியை ஆற்றும் தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்னவாறு நாள்தோறும் எடுத்தாகவேண்டும். முன்னர்க் கூறிய ஆய்வில், நிவாரண இன்ஹேலர் பெற்றவர்களுள் கணக்குக் கிடைத்தோரில் 39 விழுக்காட்டினர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர். அடிக்கடி அதனை நாடுவது நோய் கட்டுக்குள் இல்லை என்னும் அறிவிப்பு. ஆதலால்தான், பள்ளியில் ஒருமுறை அவசர இன்ஹேலர் பயன்பட்டாலும் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டி.

இந்நாடுகளின் சட்டங்கள் அவ்வந்நாட்டு எல்லைக்குள்ளேயே செல்லும்; அவற்றின் அறிவு எந்த ஊர்ப் பெற்றோருக்கும் பயன்படும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய்தந்தையர் அச்செய்தியை மறைக்கலாகாது. இன்னது கண்டால் இன்னது செய்க என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, வகுப்பாசிரியர் கையில் தரவேண்டும். பெயரெழுதிய இன்ஹேலரும் ஸ்பேசரும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்க, பள்ளித் தலைமையோடு பேசி இசைவு பெறவேண்டும். கல்வி நிலையங்களை நடத்தும் அறங்காவலர்கள், தம் பள்ளியில் அம்மருந்து எங்கே இருக்கிறது, வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் இருக்கும் பிள்ளையிடம் அது வந்துசேர எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை நடந்து பார்த்து அறிவது நல்லது. செலவில்லாத அறம் அது.

மூச்சுத் திணறும் பிள்ளையின் முதல் துன்பம் அச்சம். அச்சம் மூச்சை மேலும் குலைக்கும். ஆகவே, மருந்தை நீட்டும் கை அஞ்சேல் என்னும் சொல்லையும் உடன் தரவேண்டும் என்பதை மருத்துவ வழிகாட்டிகளும் வலியுறுத்துகின்றன. ஔடத தானமும் அபய தானமும் ஒரே நிமிடத்தில் ஒரே கையால் நிகழும் இடம் அது. அந்தக் கையில் அலமாரிச் சாவியைத் தேடும் வேலை இருத்தல் ஆகாது.

வாழ்க உயிர்கள்! வளர்க அறம்!