கத்தியும் பிடியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருப்பாச்சூரில் கூடியுள்ள நாம் கருவியைப் பற்றிப் பேசுதல் பொருத்தமேயாம். இங்கு மூங்கிற் புதரில் மறைந்திருந்த இலிங்கத்தின்மீது வாச்சி பட்டுத் தழும்பு உண்டாயிற்றென்றும், அதனால் இறைவர்க்கு வாசீசுவரர் என்னும் திருநாமம் வந்ததென்றும் தலவரலாறு கூறும். அப்பரும் சம்பந்தரும் பாடிய பெருமான் பெயரிலேயே தச்சனது கருவி நிலைபெற்றிருக்கின்றது. இம்மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டில் புரூஸ் பூட் என்பார் பழங்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவையென 2011இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வேட்டைக் கத்தியின் மூதாதை அக்கல்லே எனலாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டது. ஆயினும், குறுகித் தடித்த அலகும் கைக்கடங்கிய மரப்பிடியும் உடைய அக்கத்தியைத் தோட்டக்காரரும் மலையேறுவோரும் தம் கையளவுக்கேற்பச் செய்து தருமாறு கேட்கின்றனர்.

அது செய்யும் முறையைச் சிறிது ஆராய்வோம். லாரியின் வில்பட்டை போன்ற நல்லுருக்கை உலையிலிட்டு, மஞ்சள் கலந்த செந்நிறம் வந்தபோது அடித்து நீட்டல் வேண்டும். வடிவம் அமைந்தபின், காந்தம் ஒட்டாத பதத்துக்குச் சற்று மேலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். அப்பொழுது அலகு கண்ணாடிபோல் கடினமுற்று, கீழே விழுந்தாலும் முறியக்கூடியதாகும். ஆதலின் மீண்டும் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் வைத்து, துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றுமளவும் பதப்படுத்துவர். நீலம் படர்ந்தால் கூர் நில்லாது. தோய்ச்சலிற் செய்த குற்றம் விற்கும்போது கண்ணுக்குத் தோன்றாது. வாங்கினவர் கையில் ஒருநாள் வெளிப்படும். நம் தொழிலின் மானம் அந்த ஒரு கணத்தில் அடங்கியுள்ளது.

பிடிக்கு நன்குலர்ந்த வாகையோ, புளியோ, ஈட்டியோ ஏற்றது. ஈரமரம் சுருங்கி இடைவெளி விடும். அதனுள் நீர் புகுந்து துருவேறும். அலகின் உருக்குப் பிடியின் கடைவரை ஓட, இருபுறமும் மரத்துண்டு பொருத்தி, ஆணி தறைந்து இறுக்கவேண்டும். செம்மரம் அழகுடையதெனினும் சட்டத்தாற் காக்கப்படுவது. உரிய சீட்டின்றி வந்த துண்டைத் தொடலாகாது. கொல்லன் கையும் தச்சன் கையும் கூடினாலன்றிக் கத்தி முற்றுப்பெறாதென்பதை இதனால் அறிக.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் நாடி நம் இளைஞர் செல்வதை நாம் குறை கூறோம். துருத்தியடியில் வறுமையைக் காத்திருக்கும்படி எவரைச் சொல்லுவது? ஆனால் நெருப்பின் நிறத்தைக் கண்டு பதமறியும் முதியோர் குறைந்துவருகின்றனர். அவ்வறிவு பிறப்பால் வருவதன்று. அருகிலிருந்து பலநாள் பார்த்தும், பல அலகுகளை முறித்துமே வருவது. ஆகையால் பட்டறை உடைய அன்பர் ஒவ்வொருவரும் கற்க விரும்பும் இருவரையேனும் சேர்த்துக்கொள்ள வேண்டுகின்றோம். வருபவர் நம் பிள்ளையா, அயலார் பிள்ளையா, ஆணா, பெண்ணா என்று வினவவேண்டா. குலத்துக்குள் அடைத்துவைத்துக் கலையை இழப்பதினும், பிறர்க்குங் கொடுத்து அதனை வாழவைத்தலே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.