குளிர்காலத்தில் வரும் பறவைகளைத் தெரிந்துகொள்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடிச்சிட்டுக் கடைசியில் பறவையைப் பற்றிப் பேசப் போறேன்னதும் சிலர் சிரிக்கிறீங்க. காரணம் இருக்கு. நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா உள்கடன் கேட்டிருந்தாங்க. எதற்காக என்ற இடத்தில் "அபராதம் கட்ட" என்று எழுதியிருந்தது. விசாரித்தால், அவங்க வீட்டுக்காரர் ஏரியில் வலை போட்டு ஆறு வாத்து பிடித்து ரோட்டோரம் விற்றிருக்கிறார். வனத்துறை பிடித்துவிட்டது. "யார் வீட்டு வாத்தும் இல்லியேம்மா, தானா வந்ததுதானே" என்று அந்த அக்கா அழுதாங்க.

தானா வந்ததுதான். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஜெயில் தண்டனைகூட உண்டு.

அந்த வாத்துக்குப் பெயர் நீலச்சிறகி. ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடுவதற்கு முன்னால் கிளம்பி நம்ம ஏரிகளுக்கு வருகிறது. நாம் தீபத்துக்கு வீட்டைக் கழுவி மெழுகுகிற சமயத்தில் ஏரி நடுவில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வளர்ப்பு வாத்தைவிட ரொம்பச் சிறுசு. ஆண் வாத்துக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை ஒன்று பிடரி வரை வளைந்து போகும். தை பிறந்த பிறகு இது நன்றாகத் தெரியும். பெட்டைக்கு மங்கின பழுப்பு நிறம்தான். இதோடு ஊசி மாதிரி நீண்ட வாலுள்ள ஊசிவால் வாத்தும் சில வருஷம் வரும்.

கழனிப் பக்கம் வருகிறவை வேறே. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்குமே, அது வாலாட்டிக் குருவி. அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தால் அநேகமாக வெளியூர் விருந்தாளி. கரண்டு கம்பியில் உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டான் வருஷம் பூரா நம்ம ஊரில் இருக்கும். அதைவிடப் பெரிசாக, வால் நீலமாக இருந்தால் அது குளிருக்கு வந்தது. இவை ரெண்டும் பூச்சி தின்பவை. நெல்மணியைத் தொடாது. நெல்லைக் கொறிப்பது நம்ம ஊர்ச் சில்லைக் குருவி. அதற்கு வலை கட்டினால் இவையும் மாட்டிச் சாகும்.

எனக்குப் பிடித்தது ஆறுமணிக்குருவி. காலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் விசில் மாதிரி கூவும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை. வால் மொட்டை. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாவிலிருந்து ராத்திரியில் பறந்து வரும். களைத்துப்போய் ஐப்பசியில் மாட்டுக் கொட்டகையிலோ திண்ணையிலோ விழுந்து கிடக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்று கிடைத்தது. பாவம் பசிக்குமே என்று பாலில் சோறு பிசைந்து வாயில் திணித்தேன். விடிவதற்குள் செத்துவிட்டது. அது புழு பூச்சி தின்கிற ஜாதி என்று பிறகுதான் படித்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, பிள்ளைகளை விலக்கி, சத்தமில்லாத இடத்தில் விடுங்க. தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிட்டால் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.

நம்ம பக்கத்து வேடந்தாங்கல்காரர்கள் இதை எப்பவோ புரிந்துகொண்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதால், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் எழுதி வாங்கினார்கள்.

அந்த அக்காவுக்குக் கடன் கொடுப்பதா என்று குழுவில் ரெண்டு கூட்டம் சண்டை நடந்தது. கடைசியில் தீர்மானம் போட்டுக் கொடுத்தாங்க. பத்துத் தவணையில் ஏழு கட்டியாச்சு. கட்டினது வீட்டுக்காரர் இல்லை, அந்த அக்காதான், பால் ஊற்றுகிற காசில்.