தைத்து ஒட்டும் தோணி
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்தின் மேடையில் தோணி கட்டுவதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். படகுத் தச்சு நெடுங்காலமாகத் தந்தையிடம் மைந்தன் கற்ற தொழில். பலகையை வளைக்கும் பக்குவமும் இடுக்கை அடைக்கும் நுட்பமும் அக்குடும்பங்களுக்கு வெளியே செல்வது அரிது. பிறப்பால் தொழில் தரப்படும் முறையால் நாம் அடைந்த இழிவை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்முறைக்குப் புறம்பாக, வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எவரும் தம் வீட்டுக் கொட்டகையில் படகு கட்டலாம் என்னும் நிலையை உண்டாக்கிய ஒரு வழியையே இன்று எடுத்துக்கொண்டோம்.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பவர் மெல்லிய பிளைவுட் பலகைகளின் ஓரங்களைத் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டிச் சிறுபடகுகளைச் செய்தார். இம்முறையைக் கைக்கொண்டு, தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்துப் புகழ்பெற்ற பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் மிர்ரர் என்னும் பாய்மரப் படகை உருவாக்கினர். 'டெய்லி மிர்ரர்' நாளிதழின் ஆதரவில் 1963இல் அது வெளிவந்தது. வெட்டிய பலகைகளை ஒரு கட்டாக வாங்கி, வாங்கியவர் தாமே இணைத்துக்கொள்ளலாம். 3.3 மீட்டர் நீளமுள்ள அப்படகு 70,000க்கு மேல் பெருகியது. செல்வர் விளையாட்டாக இருந்த பாய்மரப் படகோட்டம் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது.

தைப்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் அமையுமுன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்த்த மசூலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது அவை நெகிழ்ந்துகொடுத்தன. அங்கே கயிறுதான் படகின் உயிர். இங்கேயோ கம்பி தற்காலிகமானது, பிசினே நிலையானது.

இனி எங்கள் தோணிக்கு வருவோம். நீளம் 15 அடி. கடையில் ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பிளைவுட் ஈரத்தில் பிரிந்துவிடும். ஷீட்டின் நீளம் 8 அடிதான். ஆதலால் 6 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தை 48 மில்லிமீட்டர் நீளத்திற்குச் சரிவாக இழைத்து, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டினோம். வலப்பலகையையும் இடப்பலகையையும் ஒன்றாக அடுக்கி வெட்டினால் இரண்டும் ஒத்திருக்கும். ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்டுச் செம்புக் கம்பியைக் கோத்து வெளிப்புறத்தில் முறுக்குகிறோம். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பி இறுக இறுகத் தாமே வளைந்து தோணியாக எழும். அதைக் கண்ட மாணவர்கள் சிறிது நேரம் பேசவில்லை.

அந்த மகிழ்ச்சியிலேதான் தவறு செய்தோம். இரு முனைகளிலும் குறுக்கே கம்புகளை வைத்து, ஒன்றின் வழியே மற்றொன்றைப் பார்த்தால் தோணி முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். நாங்கள் பார்க்கவில்லை. பிசின் இறுகிய பின் திருத்த வழியில்லை. எங்கள் தோணி இன்றும் சற்றே இடப்பக்கம் இழுக்கிறது.

எபாக்சிப் பிசினைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பிசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே கலக்க வேண்டும். ஹார்டனரை மிகுதியாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறு. அது என்றும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். எங்கள் முதற் கலவை அப்படித்தான் வீணாயிற்று. பிறகு அகன்ற தட்டில், விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலந்தோம். முதலில் தையல்களுக்கு இடையே மட்டும் பிசினிட்டு, இறுகியதும் கம்பிகளை உருவிவிட வேண்டும். பின்னர் சலித்த மரத்தூளைப் பிசினில் குழைத்து, உள்மூலையில் வளைவாகப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்ட வேண்டும். வெளி ஓரங்களை உருட்டித் தேய்த்து அங்கும் நாடா இட வேண்டும். எபாக்சி வெயிலைத் தாங்காது. மேலே பெயிண்ட் அவசியம். கையுறையின்றித் தொடுபவருக்குத் தோல் ஒவ்வாமை வரலாம். தேய்க்கும்போது முகமூடி அணிக.

தோணியைக் குளத்தில் இறக்கிய நாளில் வேறொன்று தெரிந்தது. கட்டிய பதினொரு பேரில் நீந்தத் தெரிந்தவர் இருவரே. பொதுக் குளமும் கிணறும் நமக்கு மறுக்கப்பட்டிருந்த ஊரில் நம் முன்னோர் எங்கே நீந்திப் பழகியிருப்பர்? பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் கொண்டுவந்தார். 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் தம் மக்களோடு நீர் அருந்தினார். சட்டம் திறந்த நீரில் இறங்க அச்சம் இன்னும் மீதமிருக்கிறது. ஆகவே அன்று தோணியைக் கரையிலேயே கவிழ்த்துவைத்தோம். இரண்டு மாதம் நீச்சற் பயிற்சி நடந்தது; அதன் பின்னரே துடுப்பைக் கையில் கொடுத்தோம், அதுவும் மிதவைச் சட்டை அணிந்தவர்க்கு மட்டும்.

இவ்வாண்டு இரண்டாவது தோணிக்குப் பலகை வந்திருக்கிறது. வரைபடம் சங்க நூலகத்தில் உள்ளது. பெண்பிள்ளைகளும் வரவேண்டும், முதல் தோணியில் அவர்களை அழைக்காதது எங்கள் பிழை. கம்பு இரண்டையும் இம்முறை மறவாமல் எடுத்துவைத்திருக்கிறோம்.