கணக்கிற்குப் பெயர் சூட்டுவோம்

(போர்ட் கிள்ளானில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் துறைமுகம் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கியது. 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயர் மாறியதேயன்றிக் கப்பல் அணையும் துறை இடம்பெயரவில்லை. பெயர் என்பது இடத்தைச் சுட்டுவது. கணினி விரிதாளில் கட்டங்களுக்குப் பெயர் சூட்டும் முறைக்கும் இதுவே அடிப்படை.

விரிதாள் என்பது தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் போன்று கோடிட்ட கட்டங்களால் ஆனது. மேலிருந்து கீழாக வரும் நிரலுக்கு எழுத்தும், குறுக்கே செல்லும் நிரைக்கு எண்ணும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு கட்டத்திற்கும் ‘பி2’, ‘சி2’ என்பது போன்ற முகவரி அமைகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் மாதம் 1,700 வெள்ளி பெறுகிறார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அதனை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் கிடைக்கும். அதனை நாளொன்றின் வேலை நேரமாகிய 8ஆல் வகுத்தால் ஒரு மணி ஊதியம். சாதாரண வேலை நாளில் செய்யும் மிகைநேர வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 வெள்ளி 26 காசு.

இதனை ‘=பி2/26/8*1.5*சி2’ என்று எழுதினால் விடை சரியாகவே வரும். எனினும் பி2 எது, சி2 எது என்பது படிப்பவருக்குப் புலப்படாது. அவ்விரு கட்டங்களுக்கும் பெயர் சூட்டினால், ‘மாதச்_சம்பளம்/26/8*1.5*மிகை_மணி’ என்னும் பொருள்பட அதே சூத்திரம் அமையும். அலுவலகத்தில் இப்பெயர்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவர். எம்மொழியாயினும் பயன் ஒன்றே. ஊதியம் பெறுபவரும் அக்கணக்கைப் படித்துச் சரிபார்க்க முடியும்.

செய்முறை எளிது. எக்செல்லில் கட்டத்தைத் தெரிவு செய்து, இடப்பக்க மேல்மூலையிலுள்ள பெயர்ப்பெட்டியில் பெயரை எழுதி, என்டர் விசையை அழுத்துக. பெயரில் இடைவெளி கூடாது. அது எண்ணில் தொடங்கலாகாது. கட்டத்தின் முகவரி போலவும் இருத்தல் ஆகாது.

இதனால் விளையும் பெரும் பயன் மற்றொன்றுண்டு. ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆக உயர்ந்தது. ஒவ்வொரு சூத்திரத்திலும் 1,500 என்று கையால் எழுதியிருந்தால் அத்தனையையும் தேடித் திருத்தல் வேண்டும். ஒன்று விடுபட்டாலும், அந்தத் தொழிலாளி சம்பளத்தில் 200 வெள்ளியை இழப்பார்; 40 மணி மிகைநேரம் உழைத்திருந்தால் மேலும் 57 வெள்ளிக்கு மேல் இழப்பார். பெயரிட்ட ஒரே கட்டத்தில் தொகையை வைத்திருந்தால், அங்கே ஒருமுறை மாற்றினால் போதும்.

ஆயினும் இரு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, அந்த ஒரு கட்டத்தை மாற்றியதும், அதே பெயரை நாடி நிற்கும் பழைய மாதக் கணக்குகளும் மாறிவிடும். எனவே பழைய தொகைக்கு ஒரு பெயரும் புதிய தொகைக்கு வேறொரு பெயரும் வைத்தல் நன்று.

இரண்டாவது, ஒரு பெயர் பல கட்டங்களையும் சேர்த்துக் குறிக்கலாம். 30 தொழிலாளரின் ஊதியக் கட்டங்களுக்கு ‘ஊதியம்’ என்று பெயரிட்டால், அப்பெயரைக் கொண்டே மொத்தத்தைக் கூட்டலாம். பின்னர் 31ஆம் தொழிலாளியைப் பட்டியலின் அடியில் சேர்த்தால், அந்தப் பெயர் தானாக நீண்டு அவரைத் தழுவாது. மொத்தத்தில் அவருடைய உழைப்பு விடுபட்டுப்போகும். கணினியோ பிழையென்று கூறாது. ஆதலால் ஆள் சேரும்போதெல்லாம், அப்பெயர் எந்தக் கட்டம் வரை செல்கிறது என்று பார்த்துத் திருத்துதல் வேண்டும்.

இளைஞர்களே, தோட்டங்களில் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் கணக்கு எழுதுகின்றனர். உங்கள் விரிதாளின் ஒவ்வொரு நிரையும் ஒரு குடும்பத்தின் உணவு. பிறர் படித்துப் புரிந்துகொள்ளுமாறு அதனை எழுதுங்கள். இல்லந்தோறும் வரும் சம்பளச் சீட்டையும் பெற்றோருடன் அமர்ந்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.