நன்னீரும் உவர்நீரும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணறு இருக்கின்றது. அடியில்லாக் கிணறு என்று அதனைப் பழையவர்கள் சொல்வர். அதற்கு அடி உண்டு. வியப்பு வேறொன்றில் இருக்கின்றது. மேலே நிற்பது நன்னீர். ஆழம் செல்லச் செல்ல அது உவர்நீராகின்றது. ஒரே கிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு நீரும் நிற்பது எங்ஙனம்?

நீரிலே கரைந்த உப்பு மறைந்துபோவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்டுணிக்கைகளாகப் பிரிந்து, நீரெங்கும் பரவி, அந்நீரின் இயல்பையே மாற்றிவிடுகின்றது. ஓர் இலீற்றர் நன்னீரின் நிறை 1000 கிராம் எனின், ஓர் இலீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிராமாகும். நன்னீரில் அமிழும் கோழிமுட்டை, உப்பைக் கரைத்துச் செறிவைக் கூட்டியதும் மேலெழுந்து மிதப்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முட்டை மிதப்பது போலவே, நிலத்தின் கீழ் நன்னீரும் மிதக்கின்றது. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அங்கே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் தங்குகின்றது. 41 மீற்றர் உயரமான நன்னீர், 40 மீற்றர் உயரமான கடல்நீருக்கு நிறையில் ஈடாகும். ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே 40 மீற்றர் வரை அது உவர்நீரைத் தள்ளிவைக்கும். ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்ட உண்மை இது. பாறையின் பிளவுகளும் இரு நீரும் கலக்கும் இடைப்படையும் இக்கணக்கைச் சிறிது மாற்றினும், அடிப்படை இதுவே.

இக்கணக்கிலே ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைத்து, மேலே 1 மீற்றர் நன்னீரைக் குறைத்துவிட்டால், காலப்போக்கிலே உவர்நீர் கீழிருந்து 40 மீற்றர் வரை ஏறக்கூடும். துலா மிதித்து இறைத்த நாளிலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்கோ களைப்பில்லை.

உவரேறிய நீரைப் பாய்ச்சினால் வெங்காயமும் மிளகாயும் ஈர மண்ணிலேயே வாடுவதைக் காணலாம். இதற்குக் காரணம் பிரசாரணம். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலை நோக்கியே நீர் மென்சவ்வினூடே செல்லும். வேரினுள்ளிருக்கும் சாற்றின் செறிவு மண்ணீரின் செறிவிலும் கூடியிருக்கும்வரை பயிர் நீரை உறிஞ்சும். மண்ணீரில் உப்புக் கூடக்கூட, வேர் நீரை உறிஞ்சுவது அரிதாகும். மிகக் கூடினால், வேரிலுள்ள நீரும் வெளியேறிவிடும். காலடியில் நீர் இருந்தும் பயிர் தாகத்தால் மடியும்.

ஆதலின், தேவைக்கு அளவாக இறைப்போம். குளங்களைத் தூர்வாரி, மாரி மழையைக் கடலுக்கு ஓடவிடாது நிலத்துக்குள் இறக்குவோம். உவர் ஏறிய கிணற்றை மீண்டும் நன்னீர்க் கிணறாக்கப் பல மாரிகள் வேண்டும்; அதனைக் கெடுக்கவோ ஒரு கோடை போதும்.